கொல்லைப்புறத்தில் இறைச்சிக் கோழி வளர்ப்பு

(செமோர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)

 

விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படும் நேரத்தில், லயத்தின் பின்புறத்திலிருந்து சேவல் கூவுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கையில் காசு மிஞ்சாத காலத்திலும் கொல்லையில் நான்கு கோழிகள் இருப்பதை நம் முன்னோர் பெரும் பலமாகக் கருதினர். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. மரம் வெட்டாத நாளில் வருமானமும் குறையும். அத்தகைய நாட்களில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், திடீரென வந்த விருந்தினருக்கும், கோயில் திருவிழாவுக்கும் கைகொடுத்தது கொல்லைப்புறக் கோழியே ஆகும்.

செமோரைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களுள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் வீட்டின் பின்னால் சிறிதளவு நிலம் உள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்நிலத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கோழியின் விலை நம் கையில் இல்லை என்பதை 2022ஆம் ஆண்டு நமக்கு நன்கு உணர்த்தியது. நம் நாட்டில் கோழித் தீவனத்திற்குரிய சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. அவற்றின் விலை உயர்ந்தது. சந்தையில் கோழிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அதுவரை மாதந்தோறும் ஏறக்குறைய 36 இலட்சம் கோழிகள் வெளிநாடு சென்று கொண்டிருந்தன. ஜூலை மாதத்தில் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என உச்ச விலை விதிக்கப்பட்டது. 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கான விலைக் கட்டுப்பாடும் உதவித் தொகையும் முடிவுக்கு வந்தன. ஆகவே சந்தையை மட்டும் நம்பியிராமல், நம் வீட்டுத் தேவையில் ஒரு பகுதியையேனும் நாமே நிறைவு செய்துகொள்வது அறிவுடைமையாகும்.

எனினும், கோழி வளர்த்தால் உடனே பணம் சேரும் என்று கூற நாம் இங்கு வரவில்லை. அதனால் இழந்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

மூன்று நாளில் காலியான கூடு

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், ஒரு தாயார் தீபாவளியைக் கருதி முப்பது கோழிகளை வளர்த்து வந்தார். சிலவற்றைத் தீபாவளிச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை விற்று, அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளிக்குச் செல்லவிருந்த மகளுக்குச் சீருடையும் காலணியும் வாங்குவது அவருடைய எண்ணம். பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கையில், அதே லயத்தில் மற்றொரு வீட்டார் சந்தையிலிருந்து இரண்டு சேவல்களை வாங்கி வந்து அவிழ்த்துவிட்டனர். சில நாட்களில் அவற்றுள் ஒன்று தலையைத் தொங்கவிட்டு நின்றது, மறுநாள் செத்தது. செத்த சேவலைப் பின்புறக் கால்வாயில் எறிந்துவிட்டனர்.

அடுத்த வாரம் அந்தத் தாயாரின் கோழிகள் இரை எடுக்கவில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறின. சிலவற்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. மூன்று நாட்களில் முப்பதில் நான்கே மிஞ்சின. அவர் தீவனத்தில் குறை வைத்தவரல்லர்; கூட்டையும் நாள்தோறும் கூட்டிச் சுத்தம் செய்தவர். அவர் தம் கூட்டை மட்டும் காத்தார். ஆனால் நோய்க்கு அந்த லயம் முழுவதுமே ஒரு கூடாக இருந்தது.

இதனையே இன்றைய உரையின் மையக் கருத்தாக உங்கள் முன் வைக்கிறோம். அடுத்தடுத்து வீடுகள் உள்ள இடத்தில், ஒரு குடும்பம் தனித்து நின்று கோழியைக் காக்க இயலாது. அண்டை வீட்டார் கூடிச் செய்தால் செலவும் குறையும், இழப்பும் குறையும்.

நோயும் அதன் வரலாறும்

மேலே கூறிய அறிகுறிகள் நியூகாசல் நோய்க்கு உரியவை. மலாய் மொழியில் இதனை ‘சம்பார் ஆயாம்’ என்பர். தமிழகத்தில் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்றும் ‘இராணிக்கெட் நோய்’ என்றும் வழங்குவர். 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசல் நகர்ப்புறத்திலும் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தடுப்பு மருந்து போடாத கோழிகளிடையே கடுமையான வகை புகுந்துவிட்டால், பத்தில் ஒன்பது மடிவதும் உண்டு. வந்த பின்னர் இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வருமுன் காப்பதே வழி.

இந்நோய்க் கிருமி கோழியின் எச்சத்திலும் மூச்சிலும் வெளிப்படுகிறது. நம் காலணியிலும், வியாபாரியின் கூடையிலும், தீவனச் சாக்கிலும் ஒட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்கிறது.

இந்நோயைத் தடுக்கும் முயற்சியில் நமது பேராக் மாநிலத்திற்கும் பங்குண்டு. செமோரிலிருந்து சிறிது தொலைவே உள்ள ஈப்போ நகரில், 1948ஆம் ஆண்டில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் வரும் நோய்களைக் கண்டறிவதும், தடுப்பு மருந்துகளை உருவாக்குவதும் அதன் பணிகளாக இருந்து வந்துள்ளன.

1980களில் மற்றுமொரு முயற்சி நடைபெற்றது. தடுப்பு மருந்து குளிர்ச்சியில் வைக்கப்படாவிடில் பயனற்றுப் போகும். கம்பங்களிலோ கோழிகள் நாள் முழுதும் திரிந்து, இரவில் மரத்தில் அடையும்; அவற்றை ஒவ்வொன்றாகப் பிடிப்பதும் கடினம். இதற்குத் தீர்வு காண, செர்டாங்கில் இருந்த விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் இணைந்து உழைத்தன. அந்தச் செர்டாங் பல்கலைக்கழகமே இன்றைய மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம். நோயை உண்டாக்காத ‘வி-4’ என்னும் கிருமி வகையிலிருந்து வெப்பத்தைத் தாங்கக்கூடியதைத் தெரிந்தெடுத்து, அதனைத் தீவன மணிகளில் பூசி, கம்பத்துக் கோழிகளுக்கு இரையாகவே ஊட்டிச் சோதித்தனர். நாலைந்து கோழி வைத்திருக்கும் எளிய குடும்பத்தின் இழப்பும் அறிஞர்களின் கவனத்திற்கு உரியதே என்பதற்கு அம்முயற்சி சான்றாகும்.

ஐந்து வீடுகள் கூடினால்

இனி, செய்முறைக்கு வருவோம். கோழிக் குஞ்சுகள் வழக்கமாக நூறு கொண்ட பெட்டிகளில் வருகின்றன. ஒரு வீட்டுக்கு நூறு குஞ்சு மிகுதி. முதன்முறை வளர்ப்போருக்கு இருபதே போதும். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினால் ஆளுக்கு இருபது கிடைக்கும். எல்லாக் குஞ்சுகளும் ஒரே வயதாக இருக்கும்; தடுப்பு மருந்து போடும் நாளும் ஒன்றாகவே அமையும்.

தடுப்பு மருந்தின் சிறு சீசாவே நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகளுக்குப் போதுமானது. கரைத்த பின்னர் ஓரிரு மணி நேரத்திற்குள் அதனைப் பயன்படுத்திவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்க இயலாது. இருபது கோழிக்காக ஒருவர் ஒரு சீசா வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். இதனாலேயே பலர் மருந்து போடாமல் விட்டுவிடுகின்றனர். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் வீணும் இல்லை. ஒருவருக்கு வரும் செலவும் மிகச் சிறிதே.

குஞ்சு வாங்கும்போது, பொரிப்பகத்திலேயே தடுப்பு மருந்து போடப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக முதல் வாரத்தில் ஒருமுறையும், மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் கண்ணில் ஒரு சொட்டு விடுவது வழக்கம். உங்கள் வட்டாரக் கால்நடை அதிகாரி வேறு அட்டவணை கூறினால் அதனையே பின்பற்றுங்கள். சீசாவைக் கடையிலிருந்து பனிக்கட்டி இட்ட குடுவையில் எடுத்து வாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள். சொட்டு மருந்தை அதனுடன் தரப்படும் நீரில் மட்டுமே கரையுங்கள். குடிநீரில் கலந்து கொடுப்பதாயின், குழாய்நீரிலுள்ள குளோரின் மருந்தைக் கெடுத்துவிடும். ஆகையால் முதலில் லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவை நீரில் கலந்து, அதன்பின் மருந்தைச் சேர்ப்பது நல்லது.

நோய் கண்ட கோழிக்கு மருந்து போடுவதில் பயனில்லை. நலமாக உள்ள கோழிக்கே தடுப்பு மருந்து.

முதல் பதினான்கு நாட்கள்

குஞ்சு வந்து சேருமுன்னரே இடம் ஆயத்தமாக இருக்க வேண்டும். வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி வீதம், இருபது கோழிக்கு ஐந்தடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள கொட்டில் போதும். இன்னும் சிறிது இடமிருந்தால் சிறப்பு. சுவரின் கீழ்ப்பகுதி அடைப்பாகவும், மேற்பகுதி காற்றோட்டத்திற்காகக் கம்பி வலையாகவும் இருக்கட்டும். எலியும் பாம்பும் நுழையாதபடி கண் சிறிய வலையே வேண்டும். தோட்டப்புறத்தில் மரநாயும் உடும்பும் நடமாடும் என்பதை நீங்கள் எம்மைவிட நன்கு அறிவீர்கள்.

தரையில் இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்கு மரச்சீவலையோ நெல் உமியையோ பரப்புங்கள். மிக நுண்ணிய மரத்தூளைக் குஞ்சுகள் இரையென எண்ணித் தின்றுவிடும். ஆதலால் சீவலே ஏற்றது.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 33 பாகை வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். முன்பு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டால் போதுமானதாக இருந்தது. இன்று கடையில் கிடைக்கும் மின்சேமிப்பு விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. இதனை அறியாமல் அதனை மாட்டிவிட்டு, குளிரில் குஞ்சுகளை இழந்தோர் உண்டு. கோழித் தீவனக் கடைகளில் விற்கும் வெப்ப விளக்கையே வாங்குங்கள். அது சீவலின்மேல் விழாதபடி சங்கிலியிலோ கம்பியிலோ உறுதியாகக் கட்டுங்கள். தீ விபத்து நேர இடந்தராதீர்கள்.

வெப்பமானி இல்லையே என்று வருந்த வேண்டாம். குஞ்சுகளின் நடத்தையே வெப்பமானி. விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர். விளக்கைவிட்டு விலகி, வாயைத் திறந்து கிடந்தால் சூடு மிகுதி. ஒரு பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாக அமர்ந்து, மேய்ந்து, உறங்கினால் எல்லாம் சரி. இரவு படுக்குமுன் ஒருமுறையும், பிரட்டுக்குப் புறப்படுமுன் ஒருமுறையும் இதனைப் பாருங்கள். முதல் பதினான்கு நாட்களைக் கவனத்துடன் கடந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாகவே கொள்ளலாம்.

தீவனமும் தண்ணீரும்

தொடக்கத் தீவனத்தில் 21 முதல் 23 விழுக்காடு புரதம் இருக்கும். மூன்று வாரத்திற்குப் பின் புரதம் சற்றுக் குறைந்த தீவனத்திற்கு மாறலாம். வீட்டில் மிஞ்சிய சோற்றையும் தேங்காய்ப் பூவையும் மட்டும் போட்டு இறைச்சிக் கோழியை வளர்க்க முயல்வது வீண். அவை கம்பத்துக் கோழிக்கு ஓரளவு உதவும். விரைந்து வளரும் இறைச்சிக் கோழிக்கு ஆகா.

கோழி தின்னும் தீவனத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையுள்ள தண்ணீரைக் குடிக்கும். வெயில் நாளில் இன்னும் மிகுதியாகக் குடிக்கும். இங்கு ஓர் எச்சரிக்கை: களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ வந்த டின்களை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கோ தீவனத்திற்கோ பயன்படுத்தாதீர்கள். பால் உறைவதற்காக அமிலம் ஊற்றிய மங்குகளையும் விலக்குங்கள். கோழிக்குள் செல்வது பின்னர் உங்கள் பிள்ளைகளின் தட்டிற்கு வரும்.

நான்கு வாரத்திற்குப் பின் கோழிக்குக் குளிர் பகையன்று, வெயிலே பகை. நண்பகலில் தகரக் கூரையின் அடியில் கொழுத்த கோழிகள் மூச்சிரைத்து மடிவதுண்டு. அந்நேரத்தில் நீங்கள் வெளிக்காட்டு வேலையிலிருந்து வீடு திரும்பியிருக்கமாட்டீர்கள். ஆகவே தகரத்தின்மேல் அத்தாப்போ தென்னங்கீற்றோ போட்டுவையுங்கள். தீவனத்தைக் காலைக் குளிர்ச்சியிலும் மாலையிலும் கொடுங்கள். தண்ணீரை மட்டும் எந்நேரமும் நிரப்பிவைக்க வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

சீவல் ஈரமானால் மூன்றாம் வாரம் முதல் இரத்தக் கழிச்சல் தோன்றக்கூடும். ஈரமான பகுதியை அள்ளி எறிந்து, காய்ந்த சீவலை இடுங்கள். மருந்து கொடுக்க நேர்ந்தால், சீட்டில் குறித்த நாட்கள் முடியுமுன் அக்கோழியை அறுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

கணக்குப் புத்தகம்

செலவில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு தீவனத்திற்கே போகும். ஒரு கோழி ஐந்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை வர, சிந்துவதையும் சேர்த்து நான்கு கிலோ தீவனம் என்று கணக்கிடுங்கள். இருபது கோழிக்கு 80 கிலோ. அஃதாவது 50 கிலோ மூட்டையில் ஒன்றரைக்குச் சற்று மேல்.

இப்போது ஓர் எளிய கணக்கு. இரண்டு கிலோ தீவனத்தின் விலையை எழுதுங்கள். அதனுடன் ஒரு குஞ்சின் விலையில் பாதியைக் கூட்டுங்கள். மின்சாரம், மருந்து, சீவல், இறக்கும் ஓரிரு குஞ்சு ஆகியவற்றிற்காகச் சிறிது சேருங்கள். இதுவே ஒரு கிலோ உயிர்க்கோழியின் அடக்க விலை. உங்கள் ஊர்க் கடை விலையோடு இதனை ஒப்பிடுங்கள். குஞ்சு வாங்குமுன்னரே இக்கணக்கைப் போடுங்கள். வாங்கிய பின் போட்டுப் பயனில்லை.

ஒரு இலட்சம் கோழி வளர்க்கும் பண்ணையோடு நாம் விலையில் போட்டியிட இயலாது என்பதை மறைக்க விரும்பவில்லை. சில்லறை மூட்டை விலையில் தீவனம் வாங்கும் நமக்கு, மொத்த வியாபாரியிடம் விற்றால் ஆதாயம் கிடைக்காது. நம் வீட்டுக்கு வைத்துக்கொள்வதிலும், அண்டை அயலாருக்கு நேரே கொடுப்பதிலும், தீபாவளி, திருமணம் போன்ற தேவைகளை முன்னரே கேட்டறிந்து வளர்ப்பதிலும்தான் பயன் உண்டு. ஆறு வாரத்திற்குமேல் வைத்திருந்தால் கோழி தின்பது மிகும். அதற்கேற்ப எடை ஏறாது. விலை உயரட்டும் என்று காத்திருந்தோர் தீவன மூட்டைக்கே இலாபத்தைக் கொடுத்தனர்.

கழிவுச் சீவலையும் எறிந்துவிடாதீர்கள். மக்கவைத்துக் கத்தரிக்கும் கீரைக்கும் எருவாக இடலாம்.

செத்த கோழியை மறைக்காதீர்கள்

இறுதியாக ஒன்று. செத்த கோழியைக் கால்வாயிலோ காட்டிலோ எறியாதீர்கள். இரண்டு மூன்று அடி ஆழத்தில் புதைத்து, சுண்ணாம்பு தூவி, மண்ணை மூடுங்கள். கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்துவைத்துக் கவனியுங்கள். கம்பத்துக் கோழியையும் இறைச்சிக் கோழியையும் ஒரே இடத்தில் விடாதீர்கள்.

திடீரெனப் பல கோழிகள் மடிந்தால், அவற்றைத் தொட்டுத் தூக்காமலும், அவசரமாக அறுத்துச் சமைக்காமலும், விற்காமலும் கால்நடை அலுவலகத்திற்கு உடனே தெரிவியுங்கள். 2004இல் கிளந்தானிலும், 2006இல் சிலாங்கூரிலும் நமது பேராக்கிலும் பறவைக் காய்ச்சல் தோன்றியதை நினைவிற் கொள்ளுங்கள். அந்நோய் மனிதரையும் தாக்கவல்லது. தெரிவித்தால் நம்மேல் குற்றம் வரும் என அஞ்சி மறைப்பவர், தம் பிள்ளைகளையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் ஆபத்தில் நிறுத்துகின்றனர். அதுபோலவே, கொட்டில் கட்டுமுன் தோட்ட நிர்வாகத்திடமோ உள்ளூராட்சி மன்றத்திடமோ அனுமதி கேட்டுக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

நாம் முன்பு கூறிய அந்தத் தாயார், மறு ஆண்டில் கோழியை விட்டுவிடவில்லை. ஆனால் குஞ்சு வாங்குமுன் தம் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். மருந்து போடும் மாலையில் கோழிகளைப் பிடித்து வருமாறு எல்லாரையும் கேட்டுக்கொண்டார். நான்கு வீட்டார் இணங்கினர், மற்றவர் சிரித்தனர். அவ்வாண்டு அவர் கூட்டில் இழப்பு இரண்டே குஞ்சு. அதற்கடுத்த முறை, சிரித்தவர்களும் தத்தம் கோழிகளுடன் அவர் வீட்டு வாசலுக்கு வந்தனர்.

அன்பர்களே! இன்று வீடு திரும்பியதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த வீட்டாரிடம், “நீங்கள் எத்தனை கோழி வைத்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கையோடு உங்களுடையதையும் சேர்த்துத் தாளில் எழுதுங்கள். கணக்குப் புத்தகத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். ஐந்து வீட்டார் கூடிவிட்டால், மருந்து வாங்குவதும் தீவனம் வாங்குவதும் எளிதாகிவிடும். கூடிக் காப்போம், கொல்லைப்புறத்தில் வளர்வது நம் குடும்பத்திற்குப் பயன்படட்டும்.